இடது பக்கம் வெந்நீர்

"இதுல இடது பக்கம் எதுன்னு நீயே சொல்லு" என்றார் பிளம்பர்.

அவர் மனைவி குனிந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணி, துணியின் நடுவில் ஒரு மாத்திரை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் புது பிளேடு ஒன்று, ஆபரேஷனுக்குத் தயாராக.

"வட்டமா இருக்கறதுக்கு ஏதுங்க இடது, வலது?"

"கோடு போட்டிருக்கான் பாரு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மருந்து, அந்தப் பக்கம் ஒரு மருந்து. நம்ம தொழில்ல எந்த வாஷ்பேசினைப் பார்த்தாலும் இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் தண்ணீர். மாத்திரை செய்யறவன் மட்டும் மாத்தியா போடுவான்?"

எல்லாம் முந்தின நாள் ஆரம்பித்த வினை. டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முள்ளைப் பார்த்து முகம் சுளித்தார். பழைய மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை. "அதை நிறுத்திடுங்க. இனிமே இதுதான். ரெண்டு மருந்து ஒரே மாத்திரையில சேர்ந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். ஆனால் 'ரெண்டு மருந்து ஒரே மாத்திரையில்' என்ற இடத்திலேயே பிளம்பர் வாயைப் பிளந்து நின்றுவிட்டார். மீதி எதுவும் காதில் ஏறவில்லை.

பின்னே? வாழ்க்கை முழுக்க குழாயோடு குழாயைச் சேர்த்தே தலை நரைத்தவர் அவர். ஒன்றின் தண்ணீர் மற்றதில் கசியாமல் இரண்டை அருகருகே ஓட்டுவது எத்தனை பாடு என்று அவருக்குத்தான் தெரியும். அதை இத்தனூண்டு மாத்திரைக்குள் ஒருவன் செய்து முடித்திருக்கிறான்! வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தன் இடுப்பிலிருந்த கைக்குழந்தையை விட்டுவிட்டு மாத்திரையைக் கொஞ்சும் மனிதரை அப்போதுதான் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

விளக்கம் சொன்னது மச்சினன். மனைவியின் தம்பி, அவரிடமே வேலை பார்ப்பவன், அவருக்கு முன்பே பிரஷருக்கு மாத்திரை போட ஆரம்பித்த அனுபவசாலி.

"மாமா, ஒண்ணு ரத்தக்குழாயை அகலமாக்கும். இன்னொண்ணு தண்ணி மருந்து, உடம்புல இருக்கற தண்ணியை வெளிய தள்ளும். என்னோடதும் அப்படித்தான். ஆரம்பத்துல ஓடிக்கிட்டே இருக்கணும், பார்த்துக்குங்க."

"குழாயை அகலமாக்கி, தண்ணியையும் குறைக்கறானா!" பிளம்பருக்குக் கண் கலங்கியது. "மாப்ளே, இது டாக்டர் வேலை இல்லடா. இது நம்ம வேலை!"

ஆனால் விடிந்தால் வேறொரு பிரஷர் இருந்தது. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அதன் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. முதல் முறையாக ஒரு முழுக் கட்டடத்தின் குழாய் வேலைக்கும் அவரே தலைமை. இன்று பிரஷர் டெஸ்ட். எல்லாக் குழாயிலும் தண்ணீரை நிரப்பி, பம்பு அடித்து இறுக்கி, சாயங்காலம் வரை மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீங்க மீட்டரை விட்டு நகரக் கூடாது. பிரஷர் இறங்குச்சுன்னா அடுத்த கட்டடம் வேற ஆளுக்குப் போயிடும்."

மாத்திரையைத் தள்ளிப்போடவும் பயம். அவருடைய அப்பா பிரஷரைக் கவனிக்காமல் விட்டுத்தான் ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்டு படுத்தார். அந்தக் கட்டிலை பிளம்பர் மறக்கவில்லை.

ஆக, மாத்திரையும் போட வேண்டும், ஓடவும் கூடாது. ராத்திரி முழுக்க யோசித்து அவர் கண்டுபிடித்த வழிதான் இந்த பிளேடு.

"ரெண்டு மாத்திரையை வெட்டி, இடது பாதி ரெண்டையும் இப்ப போடறேன். அது குழாயை அகலமாக்கும். வலது பாதி ரெண்டையும் வீட்டுக்கு வந்து போட்டுக்கறேன். அப்புறம் எவ்வளவு வேணா ஓடலாம்."

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை ஆகுதே?"

"எல்லாமே பாதிதானே! முழுசா ஒண்ணாவது போட்டேனா?"

அவளுக்கு எங்கேயோ உதைத்தது. ஆனால் அவர் ஏற்கனவே மாத்திரையைத் திருப்பிக் கொண்டிருந்தார். "பின்னாடி ஒரு எழுத்து இருக்கு. அதை நேரா பிடிச்சா இடது, வலது தெரிஞ்சுடும்."

வெட்டினார். இரண்டாவதையும் வெட்டினார். இடது பாதிகளை விழுங்கினார். வலது பாதிகளைக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பில் பத்திரமாகச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். அதற்குப் பிறகுதான் மனைவி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த எழுத்து எக்ஸ். தலைகீழாப் பிடிச்சாலும் எக்ஸ்தானே?"

பிளம்பர் அட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்தான்.

"அப்ப தண்ணி மருந்துதான் உள்ள போயிருந்தா?" என்றார் பிளம்பர், மெல்ல.

"உடம்பு வத்திப் போயிடும்!" என்று அலறியவள், வீட்டிலிருந்த பெரிய தண்ணீர் கேனை நிரப்பி, மாமாவை வேலைக்குக் கூட்டிப்போக வந்து நின்ற தம்பியின் கையில் கொடுத்தாள். "மாமாவுக்குக் குடுத்துக்கிட்டே இரு. வேண்டாம்னாலும் விடாதே."

மச்சினன் விடவில்லை. புதுக் கட்டடத்தில் மீட்டரின் முள் ஏறி நின்ற நேரத்திலிருந்து டம்ளர் டம்ளராக நீட்டினான். "குடிங்க மாமா. வெளிய போறதுக்குச் சமமா உள்ள விடலைன்னா லைன்ல காத்துப் புடிச்சுக்கும்." தொழில் பேச்சு என்பதால் பிளம்பரால் மறுக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"மாப்ளே, மீட்டரைப் பார்த்துக்கோ."

புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கழிப்பறை. எல்லாம் அவர் கையால் பொருத்தியவை. எல்லாவற்றின் வாயையும் நேற்று அவரே அட்டை வைத்து ஒட்டியிருந்தார். டெஸ்ட் முடியும் வரை ஒன்றையும் தொடக் கூடாது என்று எழுதி மாட்டியதும் அவரே. அதனால் முற்றத்தைத் தாண்டிப் பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே வரிசை. காலை மாற்றி மாற்றி நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மச்சினன் டம்ளரை நீட்டினான். குடித்தார். மறுபடி ஓடினார்.

இப்படிச் சில ஓட்டங்கள் ஆனதும் பிளம்பருக்கு உண்மை விளங்கியது. அல்லது, விளங்கியதாக நினைத்தார்.

"சந்தேகமே இல்லை. மாத்தி வெட்டிட்டேன். தண்ணி மருந்துதான் உள்ள இருக்கு. என்ன வேகம் பார்த்தியா! இத்தனூண்டு பாதிக்கு இந்தச் சக்தின்னா, செஞ்சவன் லேசுப்பட்டவனா!" வியப்பு அடங்கியதும் பயம் வந்தது. "அப்படின்னா குழாயை அகலமாக்கற மருந்து இன்னும் பையிலேயே இருக்கு. பிரஷர் ஏறிக்கிட்டு இருக்குமே!"

அப்பாவின் கட்டில் கண் முன்னால் வந்தது. டேப்பைப் பிரித்து மிச்ச இரண்டு பாதிகளையும் விழுங்கினார். மச்சினன் தண்ணீர் கொடுத்தான்.

சரியாக அப்போது எஞ்சினியர் ஒரு நாற்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இனி ஓட முடியாது. பிளம்பர் காலைப் பின்னிக்கொண்டார், பல்லைக் கடித்துக்கொண்டார், கண்ணை முள்ளில் நட்டுக்கொண்டார். மணிக்கணக்கில் அசையவில்லை. நெற்றியில் வியர்வை ஓடியது, கண்ணில் நீர் கட்டியது. எஞ்சினியர் அவரைப் பார்த்துப் பார்த்து உருகிப்போனார்.

"எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்" என்றார். "இப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை செய்யற ஆளைப் பார்த்ததே இல்லை."

பிளம்பர் அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது உயிரை அல்ல.

அவருடைய போன் அடித்தது. "சார், நீங்களே எடுங்க. நான் அசைய முடியாது" என்றார்.

"ஹலோ? வீட்டுலேர்ந்தாம்மா? பிரஷரா? பிரமாதம்! காலையில ஏறினது அப்படியே நிக்குது, துளிகூட இறங்கலை. சாயங்காலம் வரைக்கும் இப்படியே நின்னுட்டா நாங்க எல்லாரும் கை தட்டப் போறோம்!"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு சத்தம் இல்லை.

"சந்தோஷத்துல பேச்சு வரலை போல" என்று போனை வைத்த எஞ்சினியர் எழுந்து நின்றார். "எழுந்திருங்க அண்ணே. உங்களுக்குக் கை குடுக்கணும்."

பிளம்பர் சட்டென்று எழுந்தார். காலடியில் தரை நிற்கவில்லை. கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மீட்டர் இரண்டாயிற்று, இரண்டிலும் முள் அசையாமல் நின்றது. 'அப்பாடா' என்று நினைத்தபடியே எஞ்சினியரின் மேல் மூட்டைபோல் சரிந்தார்.

பழைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலிலேயே அவர் மனைவி டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து பிரஷர் இறங்கவே இல்லையாம் டாக்டர்! அதுக்குக் கை வேற தட்டறாங்களாம்!"

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "இறங்கலையா? ரொம்ப இறங்கிடுச்சு!"

"ஐயோ, இறங்கிடுச்சா?" என்று எஞ்சினியர் மீட்டரைப் பார்க்க வெளியே ஓடினார்.

மனைவி தலைமாட்டில் நின்று அழுதாள். "அந்த முள்ளு ஏறினா என்ன, இறங்கினா என்ன. எனக்கு நீங்க எழுந்து உட்கார்ந்தாப் போதும்."

அவர் மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். வெந்நீர், தண்ணீர், இடது, வலது, எக்ஸ், டேப். ஓடிய கதையை மட்டும் ஒரு பெண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"உப்புப் போட்டு மாவு பிசைஞ்சா, உப்பு ஒரு ஓரமாவா நிக்கும்? எங்க கிள்ளினாலும் இருக்கும்ல? இதுவும் அப்படித்தான். ரெண்டு மருந்தும் மாத்திரை முழுக்கக் கலந்திருக்கு. நீங்க காலையில ஒரு முழு மாத்திரை போட்டீங்க, அப்புறம் இன்னொரு முழு மாத்திரை போட்டீங்க. அதான் எழுந்ததும் தலை சுத்திடுச்சு. நல்லவேளை, ஏணி மேல நிக்கலை."

"முழுக்கவா?" பிளம்பரின் கண் விரிந்தது. "ஒவ்வொரு பொடியிலயும் ரெண்டுமா?"

"ஆமா. வெட்டாதீங்க. தினமும் ஒண்ணே ஒண்ணு, முழுசா, ஒரே நேரத்துல. மறந்துட்டா அடுத்த நாள் சேர்த்து ரெண்டு போடக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. உட்கார்ந்து எழும்போது மெதுவா எழணும். எந்தச் சந்தேகம்னாலும் என்னைக் கேளுங்க. மச்சினனை இல்லை."

சாயங்காலம் வரை அவரை அனுப்பவில்லை. அடிக்கடி பட்டையைச் சுற்றினார்கள். முள் ஏறி, நடுங்கி, ஒரு இடத்தில் துடிப்பதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். டாக்டரம்மா தன் காதுக்குழாயை அவர் காதில் மாட்டிவிட்டார். லப், டப். லப், டப்.

"இதுவா என்னுது?" என்றார். "பிறந்ததுலேர்ந்து ஒரு வாஷர்கூட மாத்தலையே டாக்டர். ஒரு நாள்கூட லைனை நிறுத்தலையே. நான் செஞ்ச எந்த வேலையும் இப்படி நின்னதில்லை. இதைப் போயி பிளேடு வச்சுக்கிட்டு..." மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டுகிற நேரத்தில் மச்சினன் காலிக் கேனோடு ஓடி வந்தான். "மாமா, முள்ளு கடைசி வரைக்கும் அசையலை! அடுத்த கட்டடமும் உங்களுக்குத்தானாம். எஞ்சினியர் எல்லார்கிட்டயும் உங்க கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு!"

பிரஷர் நிலைக்கு வந்துவிட்டதென்று டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த மாத்திரை நாளைக் காலையில்தான் என்று இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். பிளம்பர் மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார். நடையில் ஒரு மரியாதை வந்திருந்தது, உள்ளே ஓடுவதைக் குலுக்கிவிடக் கூடாது என்பதுபோல.

வெளியே போகும் வழியில் மருந்து கொடுக்கும் ஜன்னல். மனைவி அங்கே நின்றாள். சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார்களே என்று மாத்திரை அட்டையை உள்ளே நீட்டினாள்.

"ஏம்மா, இதுல இருக்கற தண்ணி மருந்து ரொம்ப வேகமா வேலை செய்யுது. காலையிலேர்ந்து மனுஷனை ஓட ஓட விரட்டிடுச்சு. பாவம், இந்தக் கேன் நிறையத் தண்ணி குடுத்துதான் சமாளிச்சோம். நாளைக்கு எவ்வளவு குடுக்கணும்?"

ஜன்னலுக்குள் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் படித்தாள். மச்சினன் கையிலிருந்த கேனைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

"தண்ணி மருந்தா? இதுல அது இல்லவே இல்லையேக்கா, ரெண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்தற மருந்துதான்!"