பார்டர் அக்கா வாயை மூடிய கதை

காஞ்சிபுரத்தில் பார்டர் அக்காவிடம் ‘வாணாம்’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கடையை விட்டு இறங்கிய மனிதப் பிறவி கிடையாது. சும்மா விலை கேட்க வந்தவர்கள் கல்யாணப் புடவையோடு போயிருக்கிறார்கள். கல்யாணம் அதற்கப்புறம்தான் நிச்சயமாகியிருக்கிறது. வழி கேட்க நுழைந்த லாரி டிரைவர் ஒருவர் மாமியாருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுவது அக்காவின் வேலை. “பார்டரப் பாருமா” என்றுதான் தொடங்குவார். நீங்கள் வாய் திறப்பதற்குள் அடுத்த புடவை மடியில் விழும். தமிழ், தெலுங்கு, உருது எதுவானாலும் மூச்சு விடாமல் பேசுவார். “சும்மா வுட்டா யோசிப்பாங்க. யோசிச்சா எழுந்துடுவாங்க” என்பதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

அப்பேர்ப்பட்ட அக்காவை நாலு வயதுப் பெண் ஒருத்தி தோற்கடித்தாள். தென்னேரியிலிருந்து அம்மாவோடு கடைக்கு வந்த யாழினி. அம்மா புடவை பார்க்கும் நேரத்தில் அக்கா குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தார். பெயர் கேட்டார், கதை சொன்னார், கடைசியில் பாடியே காட்டினார். குழந்தை முந்தானைக் குஞ்சத்தைத் தடவியபடி அக்காவையே பார்த்தாளே தவிர, ஒரு சத்தம் இல்லை.

“அவ பேசமாட்டாக்கா. காது நல்லா கேக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. அம்மான்னு கூட இல்ல” என்றார் அந்தத் தாய்.

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லையாம். செவிலிமேட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் பேச்சுச் சிகிச்சை மையத்தில் உதவியாளர் சான்றிதழ் படிப்பு நடக்கிறது, பிளஸ் டூ போதும் என்று விசாரித்து அறிந்து, காலையில் வகுப்பு, மத்தியானத்திலிருந்து கடை என்று முதலாளியிடம் பேசி முடித்துச் சேர்ந்தும்விட்டார். யாழினியின் அம்மாவையும் பேசியே அந்த மையத்துக்கு வரவழைத்துவிட்டார். நாற்பத்தைந்து வயதில் புத்தகப் பையோடு வந்து அவர் உட்கார்ந்தது என் பக்கத்து நாற்காலியில். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு படிப்பு என்றால் எனக்கு மட்டும் இரண்டு; இரண்டாவது அக்கா.

முதல் நாளே எங்கள் மேடம் விளக்கினார். பேச்சுச் சிகிச்சையாளர் அவர். “பிரச்சினை என்னன்னு சொல்றது என் வேலை. நான் எழுதிக் குடுக்கற பயிற்சியச் செய்யறது மட்டும்தான் உதவியாளர் வேலை.”

“புரிஞ்சிதுமா. மொதலாளி வெல போடுவாரு, நாங்க விரிச்சிக் காட்டுவோம்” என்றார் அக்கா. மேடம் கிட்டத்தட்ட சரிதான் என்றார்.

கிட்டத்தட்டக்கூடச் சரியாகாத விஷயம் ஒன்று இருந்தது. இந்த வேலையில் பெரிய பாடமே, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அக்காவுக்கு அது மட்டும் வரவே இல்லை. ஒத்திகையில் நான் நோயாளியாக நடித்தேன். பயிற்சி முடிவதற்குள் ஒரு மாம்பழக் கலர் புடவைக்குத் தலையாட்டியிருந்தேன். இன்னொரு நாள் மையத்துக்கு நிஜ நோயாளியாகவே வந்த, பக்கவாதத்தால் பேச்சுத் தடுமாறிய ஒரு பெரியவர் “த... த...” என்று ஆரம்பித்தார்.

“தண்ணியா? தலகாணியா? தம்பியக் கூப்டணுமா? தயிரா?”

“தள்ளிப் போ!” என்று பெரியவர் கத்தினார். அவர் சொல்ல வந்ததும் அதுதான்.

அன்று மேடம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, அவங்க தேடிக்கிட்டு இருக்கற வார்த்தைய நீங்க புடுங்கிக்கிறீங்க. இனிமே இப்படின்னா செய்முறைத் தேர்வுல பாஸ் போட முடியாது. யாழினியையும் உங்ககிட்ட விடமாட்டேன்.”

கடைசி வாக்கியத்தில் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த நாளிலிருந்து அக்கா மௌனம் பழகினார். பஸ்ஸில் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் பாவம், ஊமை என்று நினைத்து சைகையிலேயே டிக்கெட் கொடுத்தார். கடையில் ஒரு புடவையை விரித்துவிட்டு வாடிக்கையாளர்களைப் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பெங்களூர்க்காரப் பெண்கள் மிரண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். முதலாளி சோடாவோடு ஓடிவந்து, “இன்னாமா ஆச்சு? கை காலெல்லாம் அசையுதா?” என்று பதறினார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு பிரமிப்பும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. பேச்சை வைத்துப் பிழைத்த ஒருத்தி, வேறொருத்தியின் பேச்சுக்காகத் தன் வாயைக் கட்டுகிறாளே!

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. மேடம் ஓரமாக உட்கார்ந்தார், நான் கதவருகே நின்றேன். யாழினியின் எதிரே பாயில் அக்கா. மேடம் அனுமதித்தபடி, கடையிலிருந்து கொண்டுவந்த பட்டுத் துண்டுகள் மடியில்.

பச்சைத் துண்டை விரித்தார். “இது வோணுமா?”

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. குழந்தை பேசவில்லை. மஞ்சளை விரித்தார், மறுபடியும் மௌனம். தாயால் பொறுக்க முடியவில்லை. “சொல்லுடி...” என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பாமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

நீலத்தை விரித்தார். “இது வோணுமா?”

யாழினி நீலத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். உதடு ஒருமுறை குவிந்து விரிந்தது. அக்கா மூச்சுகூட விடவில்லை. குழந்தை துணியைக் கையால் தள்ளினாள்.

“வா...ணா.”

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையை ஒழித்துக்கட்டிய பார்டர் அக்கா, நீலத் துண்டை நிதானமாக மடித்து வைத்தார்.

“சரிமா. வாணாம்னா வாணாம்.”

கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை. மேடம் தாளில் பாஸ் போட்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வார்த்தை வரும்வரை பேசாமல் காத்திருந்தார்.