சக்கரம் இல்லாத சரித்திர ஆசிரியர்

"என்னது, இன்னும் சக்கரம்கூட இல்லையா?" என்று பி.டி. மாஸ்டர் கேட்டதும் ஆசிரியர் அறையே சிரித்தது.

சரித்திர ஆசிரியருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. பரீட்சையில் வருஷத்தோடு மாதமும் நாளும் கேட்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தேதி சார். மனிதன் சக்கரம் கண்டுபிடித்த பாடத்தை இருபத்தாறு வருஷமாக ஏழாம் வகுப்புக்கு நடத்துகிறவர். அவருடைய நாட்டில்தான் சக்கரம் இல்லை.

நாடு இருந்தது ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில். நான்கு பேர் ஆடும் ஆட்டம். ஒருவர் தன் முறையை முடித்து எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். கல்லும் கழியுமாக ஆரம்பித்து, பானை, சக்கரம், இரும்பு, அச்சு என்று ஒவ்வொன்றாகக் கற்று முன்னேற வேண்டும். தானாகவும் கண்டுபிடிக்கலாம், பக்கத்து நாட்டுக்கு எதையாவது கொடுத்தும் வாங்கலாம்.

சும்மா பொழுதுபோக்கு என்றால் தேதி சார் சக்கரமில்லாமலே காலம் தள்ளியிருப்பார். ஆனால் பள்ளியின் பழைய பதிவேடுகளையெல்லாம் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற, லீவு முழுக்க ஒருவர் வந்தாக வேண்டும். யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று தலைமையாசிரியை இந்த நால்வரிடமும் விட்டுவிட்டார். சீட்டுக் குலுக்கலாம் என்றார் தேதி சார். ஆட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணக்கு டீச்சர். அடுத்த வார வெள்ளிக்கிழமை மதியம் எந்த நாட்டுக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறதோ, அந்த நாட்டுக்காரருக்கு லீவு கிடையாது.

இன்று வியாழன். கணக்கு டீச்சருக்கு இருபத்திரண்டு தெரியும். சயின்ஸ் சாருக்கு இருபது. பி.டி. மாஸ்டருக்குப் பதினெட்டு. தேதி சாருக்கு ஒன்பது.

"எதையும் கத்துக்காம அறுபது முறை உட்கார்ந்து கோபுரமே கட்டினா இப்படித்தான் ஆகும்" என்றார் சயின்ஸ் சார்.

"ஒரு நாடுன்னா பேர் சொல்ல எதுவும் வேண்டாமா? இவரைப் பாருங்க, எழுதப் படிக்கத் தெரியாது, வெடிமருந்து மட்டும் தெரியும்! எந்த சரித்திரத்துலய்யா இது நடந்துச்சு?" என்று தேதி சார் பி.டி. மாஸ்டரைக் காட்டிக் கத்தினார்.

"இங்க நடக்குது சார்" என்றார் பி.டி. மாஸ்டர் சாவகாசமாக.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"பேத்தி எழுந்து நிக்கிறாளாம். நாம போய்ச் சேர்றதுக்குள்ள நடந்துடுவா போல. டிக்கெட்டைப் பீரோவுல வெச்சிருக்கேன். ஸ்கூல்ல எதையாவது இழுத்து விட்டுக்காதீங்க" என்றார் மனைவி.

"நான் எதுக்கு இழுத்து விட்டுக்கப்போறேன்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தேதி சார் நேராகக் கணக்கு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், சக்கரம் வேணும்."

"உங்க நாட்டு வரைபடத்தைக் குடுங்க. சக்கரத்தோட கணிதமும் சேர்த்துத் தர்றேன்."

வரைபடம்தானே, கொடுத்தால் தேய்ந்தா போகும் என்று கொடுத்தார். அடுத்த முறை அவர் உட்கார்ந்தபோது அவருடைய தலைநகரத்தின் வாசலில் பி.டி. மாஸ்டரின் குதிரைப்படை நின்றிருந்தது.

"வழி எப்படித் தெரிஞ்சுது?"

"டீச்சர்கிட்ட வரைபடம் வாங்கினேன். பதிலுக்கு வெடிமருந்து குடுத்தேன்."

தேதி சாருக்கு வந்த கோபத்தில் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கியது. "குடுத்து அரை மணி நேரம்கூட ஆகலையே டீச்சர்! என் வாசலை எனக்குத் தெரியாம வித்துட்டீங்களே!"

"வாங்கினதை விக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

குதிரைகள் திரும்பிப் போக பி.டி. மாஸ்டர் கேட்டது, வரும் வாரம் முழுக்கக் காலையில் கேட் டியூட்டி. வெயிலில் நின்று, தாமதமாக வரும் பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டும். சமாதானத்தோடு இரும்பையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். தேதி சார் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இரும்பு செய்யும் வித்தை வந்தது. அவர் நாட்டு மண்ணில் இரும்பு ஒரு பிடிகூட இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சயின்ஸ் சாரைப் பிடித்தார். சயின்ஸ் சார் அச்சு இயந்திரம் தருவதாகச் சொல்லி, ஒன்பதாம் வகுப்பின் எண்பத்து நான்கு விடைத்தாள்களை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு சயின்ஸ் தெரியாதே?"

"விடையை எழுதித் தர்றேன். நீங்க பார்த்து டிக் பண்ணினா போதும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேதி சார் தவளையின் இதயத்தைத் திருத்தினார். "லீவுக்கு முன்னாடியே லீவு போச்சா?" என்று மனைவி கேட்டதும் அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டார்.

திங்கள் காலை, கேட்டுக்குப் போகும் முன் ஓடிவந்து அச்சு இயந்திரத்தை வாங்கினார். உடனே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அச்சு வந்துவிட்டால் கோபுரத்தின் மகிமை காலாவதி ஆகிவிடுமாம். அறுபது முறை உட்கார்ந்து கட்டிய கோபுரம்! அதை நம்பியிருந்த ஓர் ஊர் கோபித்துக்கொண்டு சயின்ஸ் சார் பக்கம் போய்விட்டது.

"இது மோசடி! தெரிஞ்சுதானே என் தலையில கட்டினீங்க?"

"ஆட்டத்தோட விதி சார். படிச்சிருக்கணும்."

"என்னைப் பார்த்தா படிக்கச் சொல்றீங்க?" என்று கத்திக்கொண்டே அவர் கேட்டுக்கு ஓடினார். உச்சந்தலை காய்ந்தது. பெயர் எழுதிய பிள்ளைகளிடமெல்லாம் கோபத்தைக் காட்டினார். தூரத்தில், கையில் நோட்டுடன் பியூன் ஆசிரியர் அறைக்குள் போவதும் சற்று நேரத்தில் வெளியே வருவதும் தெரிந்தது. அவருக்கு இருந்த எரிச்சலில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

அன்று மதியம் மறுபடியும் பேரம் பேச, இடுப்பில் கை வைத்துக்கொண்டு போய் நின்றார்.

"டீச்சர், வங்கித் தொழில் வேணும். பதிலுக்கு என்ன கேப்பீங்கன்னு தெரியும், அதுக்கும் தயாரா வந்திருக்கேன்."

"எடுத்துக்கோங்க சார்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வானவியலும் இருக்கு, சேர்த்து எடுத்துக்கோங்க."

தேதி சார் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு திகைப்பே கோபமானது. "நான் என்ன கையேந்தியா வந்தேன்? பதிலுக்கு அச்சு தர்றேன், பிடிங்க."

"ஐயோ, அச்சு எனக்கு வேண்டவே வேண்டாம் சார்!" கணக்கு டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

பி.டி. மாஸ்டர் ஒரு பேனா ரீஃபிலுக்கு வெடிமருந்தையும் பீரங்கியையும் தந்தார். சயின்ஸ் சார் நீராவி இயந்திரத்தைத் தந்துவிட்டு, "நல்லாயிருங்க சார்" என்று தோளைத் தட்டினார். பதிலுக்கு ஆட்டத்தில் எதை நீட்டினாலும் மூவரும் வாங்க மறுத்தார்கள்.

பொறாமை, வேறென்ன! தன் பொருளை வாங்க மாட்டார்களாம்! இந்த அவமதிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. யாரிடம் எது இருக்கிறதோ அதையெல்லாம் வீம்புக்குக் கேட்டுக் கேட்டு வாங்கினார். வெள்ளி மதியம் மணி அடித்தபோது கணக்கு இப்படி நின்றது: கணக்கு டீச்சர் இருபத்து மூன்று, சயின்ஸ் சார் இருபது, பி.டி. மாஸ்டர் பதினெட்டு, தேதி சார் முப்பத்தொன்று.

"பாத்தீங்களா? சக்கரம் இல்லைன்னு சிரிச்சீங்களே! இப்ப உங்க மூணு பேருக்கும் தெரிஞ்சது அத்தனையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது இந்த அறையில ஒண்ணுகூட இல்ல!"

மூவரும் கை தட்டினார்கள். தேதி சார் அங்கேயே நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டு, "பெட்டியைக் கட்டு" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அறையில் யாரும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக அவர்கள் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

வாசலில் பியூன் நின்றிருந்தார். கையில் சுற்றறிக்கை நோட்டு.

"சார், உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை கொண்டாந்தப்ப நீங்க கேட்டுல நின்னீங்க. வெயில்ல நோட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாம், நாங்களே சார்கிட்ட சொல்லிடுறோம்னு டீச்சர் சொன்னாங்க."

தேதி சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

'பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணிக்கு, மதிய இடைவேளை ஆட்டத்தில் கடைசியாக வருபவரை அனுப்ப உள்ளதாக அறிகிறேன். தொழில்நுட்பத்தில் கடைசியாக இருப்பவரிடம் கணினி வேலையை ஒப்படைப்பது முறையல்ல. எனவே, முதலாவதாக வருபவரே விடுமுறை முழுவதும் பள்ளிக்கு வர வேண்டும். தலைமையாசிரியை.'

கீழே திங்கட்கிழமைத் தேதியிட்டு மூன்று கையெழுத்துகள்.

"திங்கக்கிழமையேவா?" தேதி சார் அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். "மூணு பேருக்கும் திங்கக்கிழமையே தெரியுமா?"

பியூன் பேனாவைத் திறந்து நீட்டியபடி, திரையில் மின்னிக்கொண்டிருந்த முப்பத்தொன்றையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதை மட்டும் உங்களுக்கு யாரும் விக்கலையா சார்?"