சிவப்பு வளையம், இடது கால்

2014 யூலை 26, சனிக்கிழமை, ஆடி அமாவாசை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள ஐந்து மாடிக் கட்டடத்தில், இடது காலில் சிவப்பு வளையம் போட்ட காகம் ஒன்று பகல் 12.35க்கு நாலாம் மாடிப் பல்கனியில் மீன் தலை தின்றது.

இதை லிப்டடியில் ஒட்டியிருந்த பட்டியலில் எழுதியவர் நாலாம் மாடி ஐறீன். எழுதச் சொன்னவன் மூன்றாம் மாடிக் கண்ணப்பன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்த அவன், அந்த வருடம்தான் வட்டாரப் பறவைக் கழகத்தின் செயலாளராகியிருந்தான். குப்பை கூடக் காகம் கூடுகிறது, காகம் கூடச் சின்னக் குருவிகளின் கூடு குறைகிறது என்பது கழகத்தின் கவலை. அதற்காக அனுமதி எடுத்து, ஐந்து காகங்களைப் பிடித்து, ஐந்து நிறத்தில் வளையம் மாட்டி விட்டிருந்தார்கள். எந்தக் காகம் எந்த மாடியில் என்ன தின்கிறது என்பதைக் குடியிருப்பவர்களே எழுத வேண்டும். அவர்களும் உற்சாகமாக எழுதினார்கள்.

சிவப்பு வளையத்துக் காகத்தைக் கண்ணப்பனின் தாய் நாச்சம்மை ஆச்சிக்கு மூன்று வருடமாகத் தெரியும். அதன் வலது காலில் நடுவிரல் கிடையாது. ஆச்சியின் கணவர், கண்ணப்பன் அப்பச்சி என்று கூப்பிட்ட தகப்பன் ஏகப்பனுக்கும், சீனி வியாதியில், வலது காலில் அதே விரலைத்தான் எடுத்திருந்தார்கள். அவர் காலமான மாதத்திலிருந்து இலைக்கு வரும் காகம் யாரென்று ஆச்சிக்கு இன்னொருவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வளையம் மாட்டிய அன்று, தாயைச் சந்தோஷப்படுத்த நினைத்துக் கண்ணப்பன் ஒரு வார்த்தை சொன்னான்.

"ஆத்தா, உங்க காகத்துக்குத்தான் சிவப்பு. இனிமே தூரத்துல வரயிலயே கண்டுக்கலாம்."

"அப்பச்சிக்கு நோகாமப் போட்டியாடா?" என்று மட்டும் ஆச்சி கேட்டார்.

ஆடி அமாவாசையன்று பல்கனியில் இலை போட்டு, "கா, கா" என்று கூப்பிட்டபடி ஆச்சி அரைமணி நேரம் நின்றார். சிவப்பு வளையம் வந்தது. இலையைப் பார்த்தது. மேலே போனது. பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்து, வடையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, இலையின் ஓரத்தில் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

மாலையில் கோயிலுக்குப் போக இறங்கிய ஆச்சி, லிப்டடியில் பட்டியலை வாசித்தார். கோயிலுக்குப் போகாமலே திரும்பி வந்தார்.

"டேய் கண்ணப்பா, உங்க அப்பச்சி நாலாம் மாடியில மீன் தின்னுருக்காரு."

"காகம் தின்னுருக்கு, ஆத்தா."

"அஞ்சு வயசுல உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்ப, பிள்ளை பிழைச்சாக் கவுச்சி தொடமாட்டேன்னு கதிர்காமத்துக்கு நேர்ந்தாரு. சாகுற வரைக்கும் முப்பத்தஞ்சு வருஷம் வாயைக் கட்டுனாரு. இப்பப் போயி அந்தம்மா வீட்டுல..." ஆச்சி நிறுத்தினார். "ஏண்டா, முதல்ல அங்க. பொறகுதான் இங்க. பழக்கமில்லாத இடத்துக்கு யாராச்சும் முதல்ல போவாகளா?"

"மீன் வாசம் பிடிச்சுப் போயிருக்கும். வடையை விட மீன்தானே அதுக்குப் பிடிக்கும்?"

"அப்ப முப்பத்தஞ்சு வருஷமாப் பிடிக்காததையா நான் ஆக்கிப் போட்டேன்?"

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டியல் இருப்பதால்தானே இவ்வளவும் என்று, காலையில் கண்ணப்பன் அதைக் கிழித்தெடுத்தான். மாலையில் இரண்டாம் மாடி அஸீஸா லிப்டில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, லிஸ்ட்டக் கிழிச்சிட்டீங்களாம். நாலாம் மாடிக் கதை உண்மதானா?"

"என்ன கதை?"

"எனக்கெங்க தெரியும்? கிழிச்சது நீங்கதானே."

மூலகாரணத்தையே நிறுத்திவிடலாம் என்று கண்ணப்பன் நாலாம் மாடிக்குப் போனான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஐறீன், காலி வீதிக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் சமைத்துக் கொடுப்பவர். வாசலுக்கே பொரியல் வாசம் வந்தது.

"அன்ரி, கழகத்தால ஒரு வேண்டுகோள். அடுத்த அமாவாசை வரைக்கும் காகத்துக்கு மீன் போடாதேங்கோ. காகம் பெருகினால் குருவிகளுக்குக் கூடாது."

"அப்ப கீழ ஆச்சி வடை வைக்கிறது குருவிக்கோ?"

ஐறீன் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். குரலைத் தணித்தார்.

"தம்பி, ஆச்சிக்கு ஏதும் தெரிஞ்சிட்டுதோ? பெரியய்யா ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

அவன் கேட்க வந்தது காகத்தைப் பற்றி. அப்பச்சியைப் பற்றி அல்ல. "தாங்க்ஸ் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். தன் வீட்டு வாசலைத் தாண்டி வந்துவிட்டது நிலத்தளம் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அங்கே வாசலைக் காக்கும் வோச்சர் ஒஸ்வால்ட் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அதே கதிரை.

"ஒஸ்வால்ட், ஆத்தா கேட்டால், அப்பச்சி நாலாம் மாடிக்கு ஒருநாளும் போகேல்லையெண்டு சொல்லுங்கோ."

"சரி ஐயா."

ஒஸ்வால்ட் ஒப்புக்கொண்ட வேலையைத் தள்ளிப்போடாதவர். கேட்கும்வரை காத்திராமல் மேலே போய் மணியை அடித்தார்.

"ஆச்சி, ஐயா சொல்லச் சொன்னவர். பெரியய்யா நாலாம் மாடிக்கு ஒருநாளும் போகேல்லை."

"எந்தக் கிழமையில போகல்லை?"

"சனிக்கிழமையில, ஆச்சி."

"எல்லாச் சனிக்கிழமையுமா போகல்லை?"

"ஓம் ஆச்சி. அவற்ற கடை சனிக்கிழமை அரைநாள்தானே. பன்னிரண்டரைக்கு வருவார். லிப்டில நாலை அமத்தமாட்டார். அரைமணித்தியாலத்தால மூண்டுக்கு இறங்கியும் வரமாட்டார்."

கண்ணப்பன் வீட்டுக்குள் வந்தபோது ஏகப்பனின் படம் சுவரில் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. ஆச்சி கிருலப்பனையிலுள்ள மகள் சிகப்பி வீட்டுக்குப் போகச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இனி அமாவாசைக்கு இலை போடமாட்டேன். பசிச்சா எங்க போகணும்னு அவருக்குத் தெரியும்."

"ஆத்தா, கொஞ்சம் கேளுங்க. காகம் வேற, அப்பச்சி வேற."

"அப்ப நாலாம் மாடிக்குப் போனது அவரில்லையா?"

"இல்ல, அப்பச்சி போயிருக்காரு. ஆனாக் காகம்..."

"போயிருக்காரா?"

ஏன் சொன்னோம் என்று கண்ணப்பனுக்கே விளங்கவில்லை. காகத்தைக் காப்பாற்றப் போய் அப்பச்சியை விட்டுவிட்டான். அப்பச்சி மறைத்து வைத்தது என்னவென்று அவனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்பதும் தெரியவில்லை. பறவைகளைப் பற்றிய புத்தகங்கள் அவனிடம் பதினான்கு இருந்தன. இதற்கு ஒன்றும் உதவவில்லை.

ஆச்சி கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுப் படியேறினார். முழங்கால் வலிக்காரி லிப்டுக்குக்கூட நிற்கவில்லை. கண்ணப்பன் பின்னால் ஓடினான்.

கையில் எண்ணெய்க் கரண்டியோடு ஐறீன் கதவைத் திறந்தார்.

"எத்தனை வருஷமா?" என்று ஆச்சி கேட்டார்.

ஐறீன் கண்ணப்பனைப் பார்த்தார். கண்ணப்பன் மிதியடியைப் பார்த்தான்.

"ஆறு வருசம், ஆச்சி. சனிக்கிழமையில மட்டும்தான்."

"எதுக்கு?"

"பாரை மீன் பொரியலுக்கு."

ஆச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "மீனுக்கா?"

"வேற எதுக்கு வாறது? நான் ஒருக்காப் பார்சல் கட்டேக்க வாசம் பிடிச்சு வந்தவர். ஒருநாளும் கதிரையில இருந்ததில்லை. பல்கனியில நிண்டபடி ரெண்டு துண்டு. பிறகு நல்லாய் வாய் கொப்பளிச்சு, ஏலக்காய் சப்பிக்கொண்டு இறங்கிடுவார். 'ஐறீன், மகன்ட நேர்த்தி, ஆச்சிக்குச் சொல்லிப்போடாதை' எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவார். காசும் வச்சிட்டுத்தான் போவார்."

"சனிக்கிழமையானா வயிறு மந்தம்பாரு," என்றார் ஆச்சி, யாருக்கென்றில்லாமல். "நானும் ரசம் வச்சுக் கொடுப்பேன்."

கண்ணப்பனுக்குத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. காய்ச்சல் இல்லை.

அப்போது பல்கனி மதிலில் ஏதோ வந்து இருந்த சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். இடது காலில் சிவப்பு வளையம்.

ஆச்சியின் முகம் இளகியது. "பாருங்கம்மா. செத்தும் ஆசை விடல்லை. இப்பவும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு."

"ஆரு? இந்தக் காகமோ?" என்றார் ஐறீன். "ஐயோ ஆச்சி, இது பெரியய்யா இல்லை. பெரியய்யா தின்னேக்க முள்ளுக்காகப் பக்கத்தில நிக்கிறது இதுதான். ரெண்டு பேருக்கும் அந்த ஒரு விரல் இல்லையெண்டு அவரே சிரிச்சுப் பகிடி விடுவார்."

2014 ஓகஸ்ட் 25, திங்கட்கிழமை, அமாவாசை. மூன்றாம் மாடிப் பல்கனியில் இரண்டு இலைகள் போடப்பட்டன. ஒன்றில் பொங்கலும் வடையும். மற்றதில், நாலாம் மாடியிலிருந்து வாங்கிய பாரை மீன் பொரியல், இரண்டு துண்டு. சிவப்பு வளையம் 12.30க்கு வந்து ஒரு துண்டைத் தின்றது. பின்னாலேயே வளையமில்லாத காகம் ஒன்று வந்தது. சிவப்பு வளையம் ஒதுங்கி இடம் விட்டது. புதிய காகம் வடையின் பக்கம் திரும்பாமல் மீனைத் தின்றுவிட்டுப் போனது.

லிப்டடியில் புதிய பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாவது காகத்தைக் கண்ணப்பன் அதில் எழுதவில்லை.