மாப்பிள்ளை வண்டியின் இரண்டு பேட்டரிகள் குறித்து

சேரப்பணஞ்சேரி,
வியாழக்கிழமை.

புனேயில் கம்பெனிப் பயிற்சியில் இருக்கும் மாப்பிள்ளை ரகு அவர்களுக்கு, மாமனார் கோபால் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவி பிரவீனாவும் நலம். உங்கள் வண்டி மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

அந்த டீசல் பிக்கப்பை வாங்கும்போதே கேட்டேன், ஒரு இன்ஜினுக்கு எதற்கு இரண்டு பேட்டரி என்று. பெரிய இன்ஜின், கிளப்ப சக்தி வேண்டும் என்றீர்கள். நீங்கள் புனே போனதும் இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி படுத்துவிட்டன. பேட்டரிக் கடை அண்ணாதுரையிடம் ஒரு பேட்டரி மட்டும் போதும் என்று கேட்டேன். “இன்னா சார் நீ, பழசு ஒண்ணு கூட கீதுன்னா புதுசையும் இஸ்துகினு பூடும். மாத்துனா ரெண்டயும் மாத்து” என்றார். நீங்கள் உங்கள் அண்ணனோடு கூட்டுத் தொழில் செய்த கதை ஞாபகம் வந்தது. மறுபேச்சில்லாமல் இரண்டும் வாங்கினேன். நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலி மாசானம்தான் நேற்று மாட்டிக் கொடுத்தார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. “அண்ணாச்சி, இனி பானெட்டைத் தொறக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் புது பேட்டரிகளுக்கு முறைப்படி பூஜை போட்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

இன்றைக்குத்தான் பிரவீனாவின் முதல் கம்பெனி ஆர்டர், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு மதியச் சாப்பாடு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து ருசியும் பிடித்துவிட்டால் தினமும் நமக்கே. தாமதமானால் வேறு ஆளுக்கு. விடியலிலிருந்து நின்று சமைத்த குழந்தை, அண்டாக்களை ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் வைத்த இடத்தில் வைத்தபடி முழுசாகக் கிடக்குது மாப்பிள்ளை, இவ என்னடான்னா “இன்னாப்பா இது, ஸ்டார்ட்டே ஆவல” என்று கண் கலங்கி நிக்கிறா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, நேரா ரோட்டுக்கு ஓடி அதே கம்பெனியோட மத்தியான ஷிப்டு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திட்டேன். “ஏத்து சார், நானும் அந்த கேட்டுக்குத்தான் போறேன்” என்றார் டிரைவர், மவராசன். சாம்பார் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போனது. பஸ்ஸில் இருந்த சூப்பர்வைசர் ஒருவர் பாயச அண்டாவைக் கட்டிக்கொண்டு வழி முழுக்க நின்றே போனாராம். சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த பிரவீனா இதைச் சொல்லிவிட்டு நேராக அண்டா கழுவப் போய்விட்டாள்.

ஆகையால், அண்ணாதுரை விற்றது ஓட்டை பேட்டரி, மாசானத்துக்கு வேலை தெரியாது, வண்டி வாங்கிய உங்களுக்கு விவரம் போதாது என்று முடிவு செய்திருக்கிறேன். வந்ததும் வண்டியை விற்றுவிடவும். வேளைக்குச் சாப்பிடவும். எல்லாம் வல்ல முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்,
கோபால்.

பி.கு.: கவரை ஒட்டும் முன் பிரவீனா பானெட்டைத் திறந்தாள். “சந்தன வாசனை வருதேப்பா” என்றாள். பூஜையின்போது, பொட்டு வைப்பதை முக்கியமான இடத்தில் வைப்போம் என்று ஒயர் கிளாம்ப்புகளை நான்தான் கழற்றி, உள்ளே பேட்டரிகளின் நாலு முனைக்கும் கெட்டியாகச் சந்தனம் பூசி, கையாலேயே திருகி மாட்டியிருந்தேன். கரண்டை மறித்துக் காய்ந்து கிடந்த சந்தனத்தை அவள் துடைத்துவிட்டு ஸ்பேனரால் முடுக்கினாள். ஒரே திருப்பு, எலுமிச்சம்பழம் நசுங்கியது. அண்ணாதுரையும் மாசானமும் நல்லவர்கள். வண்டியை விற்க வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து தினமும் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு முதல் ஆர்டர் மாப்பிள்ளை, எதுவும் தப்பாகிவிடக் கூடாதே என்கிற பயத்தில்தான் பூசினேன். அதை அவளிடமும் சொன்னேன். விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை என் நெற்றியில் வைத்து, “இனிமே பூஜை போடணும்னா இங்க போட்டுக்கோப்பா. இங்கதான் கரண்டு எதுவும் ஓடல” என்றாள்.