ஐஸ் அண்ணனும் பழுப்புக் கொழுப்பும்

சிங்கப்பூரில் குளிரைத் தேடிப் போய் உட்கார்ந்த ஒரே தமிழர் எங்கள் ஐஸ் அண்ணன்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் அவர் நிரந்தர உதவியாளர்; நான் குப்பி கழுவும் தற்காலிக ஆள். நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த கொழுப்புத் துணுக்குகளை அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து ஐஸ் பெட்டியில் தூக்கி வருவார். லிஃப்டில் யாராவது இடித்தால் போச்சு.

"மெதுவா லா! உள்ள உசுரு இருக்கு!"

மீன் என்று நினைத்தவர்கள்கூட மிரண்டு ஒதுங்குவார்கள்.

அந்தத் துணுக்குகளில் இருந்து பழுப்புக் கொழுப்பு உயிரணுக்களைப் பிரித்து வளர்ப்பதுதான் ஆராய்ச்சி. "மற்ற கொழுப்பு சேர்த்து வைக்கும். இது எரித்துச் சூடு கொடுக்கும். குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும்" என்று டாக்டர் ஒருநாள் விளக்கிவிட்டார். போதாதா? மறுநாளே அண்ணன் பனியனோடு குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே இது?"

"என் கொழுப்ப எழுப்புறேன். தொந்தி தானா எரியும் பாரு."

பல் தந்தியடிக்க வெளியே வந்து, பசி தாங்காமல் நாலு பிராட்டா சாப்பிடுவார். ஒரே மாதத்தில் பெரிய சட்டைக்கு மாற வேண்டியதாயிற்று.

தங்கை கல்யாணத்துக்கு ஜொகூர் போனபோது செல்கள் வளரும் குப்பிகளை என்னிடம் விட்டுப் போனார். "கண்ணால பாத்துக்க. கை வைக்காத." உடல் சூடு குறையாமல் வைத்து வளர்க்கும் பெட்டிக்குள் அவை இருந்தன. ஐஸில் வந்த உயிர்கள் இப்படிப் புழுங்குகின்றனவே என்று எனக்கு இரக்கம். அத்தனையையும் குளிர் அறைக்கு மாற்றினேன்.

அவர் திரும்பிய அன்று டாக்டர் பார்த்தார். பல மாத உழைப்பு செத்து மிதந்தது.

"யார் செஞ்சது?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் காலை மிதித்தார். "நான்தான் டாக்டர். ஊருக்குப் போற அவசரத்துல மாத்தி வச்சிட்டேன்."

வெளியே வந்து கேட்டேன். "ஏண்ணே?"

"நீ இன்னும் கன்ஃபர்ம் ஆகலைலா. வீட்ல கைக்குழந்தை வேற. என்னைத் தூக்க மாட்டாங்க, மாத்துவாங்க. அவ்ளோதான்."

மாற்றினார்கள், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கு. ஆய்வுக்கூடத்துக்குள் அதன்பின் அவர் கால் வைக்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல டாக்டர் அறை வாசல்வரை எத்தனையோ முறை போனேன். ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா கோப்பிக்கடையில் என்னைப் பார்ப்பார். கேட்பது ஒன்றே ஒன்றுதான். "செல்லெல்லாம் எப்படிப்பா இருக்கு?"

ஆராய்ச்சியையே மூடிவிட்ட பிறகும், "நல்லா வளருதுண்ணே" என்றுதான் சொல்லிவந்தேன். அதைக் கேட்டு அவர் சிரிக்கும் சிரிப்புக்கு இன்னும் எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் பொய் சொல்வேன். கேட்க அவர்தான் இல்லை.