பரீதா அக்கா கொண்டு வந்த பெட்டி

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிற அந்நியரைச் சந்தேகப்படுவது தாயின் கடமையா, கெட்ட குணமா? இன்று வரை எனக்கு விடை தெரியவில்லை. தெரியாமலேதான் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையில், எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத் தொடங்கினேன்.

விருந்தினரை வரவேற்பது பற்றி மூன்று நாள் பயிற்சி பெற்றவள் நான். (சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், கொஞ்சம் சாய்வாக.) இணைய விளம்பரத்தில் ‘முஸ்லிம் குடும்பங்களை அன்புடன் வரவேற்கிறோம், ஹலால் உணவு உண்டு’ என்று எழுதியதும் நான்தான். கோழியை டவுனில் முஸ்லிம் நானா கடையில்தானே வாங்குகிறோம், அது போதாதா என்பது என் அறிவு.

முதல் ஆட்களாகப் பினாங்கிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் தம்பதி வந்தார்கள். பரீதா அக்காவும், அதிகம் பேசாத அவர் கணவரும். அன்புடன் வரவேற்ற கையோடு கடவுச்சீட்டுகளைப் படம் பிடித்தேன். பிறகு, “படம் தெளிவா வரலங்க” என்று பொய் சொல்லி மறுபடியும் பிடித்தேன். இரண்டாவது படம் என்ன பாதுகாப்பைத் தந்தது என்று கேட்காதீர்கள்.

அவர்களிடம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. என் கணவர் தூக்கப் போனபோது பரீதா அக்கா, “வேணாம் தம்பி, இத நாங்களே தூக்கிக்கிறோம்” என்று வாங்கிக்கொண்டார். படியேறும்போது உள்ளே கடகடவென்று சத்தம்.

எதிர்வீட்டு சரசு அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் மலையைப் பார்க்கக் கிளம்பியதும் வந்துவிட்டார்.

“என்னா புள்ள, அந்தப் பெட்டியில என்னா இருக்கு?”

“தெரியலக்கா.”

“தெரியாமயா உள்ள விட்ட? நாடு இருக்கிற இருப்புல? எனக்கென்னமோ அந்தப் பெட்டியே சரியில்ல. ஒனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, பாத்துக்க.”

அவ்வளவுதான். ஐந்து வயதுக் கவியாவைக் கீழே நிறுத்திவிட்டு, தூசி தட்டும் துணியோடு மாடிக்குப் போனேன். (தட்டுவதற்குத் தூசி எதுவும் இருக்கவில்லை.) சாமியை வேண்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன்.

உள்ளே ஒரு சட்டி, சோறு ஆக்கும் பானை, நான்கு தட்டுகள், நான்கு கோப்பைகள்.

பயம் போனது. அடுத்த நொடியே கோபம் வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த கூலிக்காரர்களுக்கு என்று டவுன் தேநீர்க் கடைகளில் தனிக் கோப்பை வைத்திருந்த காலத்தை அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். என் வீட்டுக்கே வந்து, என் கோப்பையில் வாய் வைக்க மாட்டார்களாமா?

கையில் சட்டியோடு திரும்பினேன். அறை வாசலில் பரீதா அக்கா, பின்னால் அவர் கணவர். மூடுபனி மலையை மறைத்துவிட்டதால் பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் சண்டைக்குப் போனேன்.

“எங்க வீட்டுக் கோப்ப என்னங்க, அசிங்கமா? நாங்க என்னா, தொடக்கூடாத ஆளுங்களா?”

பரீதா அக்காவின் முகம் வெளுத்தது. “அல்லாவே, அப்பிடியெல்லாம் இல்லம்மா! பன்றி சமைச்ச பாத்திரமா இருந்திடுமோன்னு ஒரு பயம். எந்த ஊருக்குப் போனாலும் நாங்க எடுத்துட்டுத்தான் போவோம்.”

“பன்னியா? எங்க வீட்டுலயா? சீ சீ! அந்த வாசமே எனக்கு ஆவாதுங்க!”

என்ன நடக்கிறது என்று பார்க்க மேலே வந்திருந்த கவியா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, போன ஞாயித்துக்கெழம அப்பா காட்டுப்பன்னி ஆக்குச்சே. நீ கூட எலும்பக் கடிச்சுக் கடிச்சுத் தின்னியே.”

அந்த நேரம் பார்த்து என் கணவர் மணக்க மணக்கக் கோழிக் கறிச் சட்டியோடு படியேறி வந்தார். கவியா அப்பாவின் கையிலிருந்ததை நோக்கி விரல் நீட்டினாள்.

“அந்தச் சட்டியிலதான்!”

பரீதா அக்காவின் கணவர் பைகளைப் பார்த்தார். மாலை நான்கு மணி, வெளியே பனி. இப்போது அவர்கள் கிளம்பினால் விளம்பரத்தை மட்டுமல்ல, என் முகத்தையும் எங்கேயாவது கழற்றி வைக்க வேண்டியதுதான். நான் சட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அவர்களுடைய சட்டி என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பரீதா அக்கா கவியாவின் முன்னால் குந்தினார். “இந்த வீட்டுல யார்கிட்ட கேட்டா உண்மை தெரியும்னு இப்ப தெரிஞ்சு போச்சு. வா, நீதான் எனக்கு அடுப்பக் காட்டணும்.”

அவர்கள் தங்கினார்கள். என் அடுப்பில் தங்கள் சட்டியை வைத்துச் சமைத்தார்கள். எங்களுக்கும் தங்கள் தட்டிலேயே போட்டுத் தந்தார்கள். எங்கள் கோழிக் கறி சரசு அக்கா வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் கிளம்பும்போது, “இனி வர்றவங்களுக்கு உதவும்” என்று பெட்டியை எங்களிடமே விட்டுச் சென்றார்கள். (அவர்கள் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பழக்கம்.)

இப்போது எங்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும், “எதுக்கும் கவியாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க” என்கிறார் கணவர். ‘எல்லாம் இன்னைக்குப் பறிச்ச காய்’ என்கிற மரக்கறிக்காரரிடம் சரசு அக்காகூட இதையே சொல்கிறாராம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ‘ஹலால் உணவு உண்டு’ என்ற வரியை அன்றே அழித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ‘பன்றி சமைப்போம், ஆனால் உங்களுக்கு வேறு பாத்திரம்’ என்று எழுதினால் யார் வருவார்கள்? எழுதாமல் விட்டால் அடுத்து வருகிறவர்களை எந்த முகத்தோடு பார்ப்பேன்? வாசகர்களே, உண்மையும் இருக்க வேண்டும், விருந்தினரும் வர வேண்டும். அப்படி ஒரு வரி தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். கவியாவைக் கேட்கலாம்தான். அவள் சொல்வதை அப்படியே போட எனக்குத்தான் துணிவில்லை.