சாட்சிக்குக் கொண்டுபோன கொப்பி

முந்தல்
19.10.2016

அன்புள்ள மருமகன் அனுசனுக்கு,

மாமா தியாகராசா எழுதுவது. கொழும்பில் நீரும் மதுசாவும் சுகமாயிருக்க முருகன் துணை. இங்கே இறால்களும் சுகம். எனக்குத்தான் மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

நான் மனேஜராயிருக்கும் உம்முடைய பண்ணையில் இறாலுக்குத் தீன் போட்ட திரேசா, தலவில கோயில் திருநாளுக்கென்று ஒரு நாள் வராமல் நின்றதும், நீர் டெலிபோனில் "நிற்பாட்டுங்கோ மாமா" என்றதும், நான் அன்றைக்கே அவளை வேலையால் நிற்பாட்டியதும் நினைவிருக்கும். அநியாயமாய் நிற்பாட்டினார்கள், சம்பளமும் குறைத்துத் தந்தார்கள் என்று அவள் புத்தளம் தொழில் கந்தோரில் எழுதிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை விசாரணைக்கு உம்முடைய சாட்சியாக நான் போனேன். வெறுங்கையோடு போகாமல், பண்ணையில் யார் எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று நான் நாள் தவறாமல் எழுதும் கொப்பியையும் கொண்டுபோனேன். அவள் வராத நாளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தேன். வாசலில் அவளைக் கண்டு, "லோயர் பிடிக்கக் காசில்லையோ?" என்றும் கேட்டேன். என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

விசாரித்த மர்ஸூக் ஐயா நல்ல மனிசன், கதிரை தந்து இருத்தினார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கங்களையும் புரட்டத் தொடங்கினார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஐயா, நாலு வருஷத்துல வராத நாள் இந்த ஒண்டுதானா?" "ஓம், ஒண்டுதான்" என்றேன் பெருமையாக. "விடிய அஞ்சு மணிக்கு வந்து பின்னேரம் ஆறரைக்குப் போயிருக்காங்க. ஓவர்டைம் குடுத்தீங்களா?" "தேத்தண்ணி குடுத்தனாங்கள்" என்றேன். மனிசன் கல்குலேட்டரை எடுத்து அடிச்சார், அடிச்சார், அடிச்சுக்கொண்டே இருந்தார். குறைஞ்ச சம்பளமும் நட்டஈடும் சேர்த்து அவர் சொன்ன தொகையில் இன்னொரு குளம் வெட்டலாம் தம்பி! அப்பதான் அவள் வாயைத் திறந்தாள்: "மனேஜர் ஐயாட கொப்பி இருக்கேக்க எனக்கு லோயர் என்னத்துக்கு?"

ஒரு சதமும் குடாதேயும். அடுத்த விசாரணைத் தவணை மூன்றாம் திகதி. உயிர் போனாலும் மாமா உம்முடைய பக்கம்தான். பிள்ளையார் உம்மைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது நன்மையே நினைக்கும் தாய்மாமன்,
தியாகராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். காரணம், எழும்பி வரும்போது மர்ஸூக் ஐயா, "நாலரைக்கே வாற இந்த முதல் பேரு ஆருட?" என்று கேட்டிருந்தார். என்னுடையது. ஒன்பது வருஷம், ஒரு வட்டமும் இல்லை. இன்று காலை புத்தளம் போய் நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் திகதிக்கு வேறு சாட்சி பாரும், நான் திரேசாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். கோபத்தில் என்னை நிற்பாட்டிப் போடாதேயும். அதற்கு நட்டஈடு வேறாம்.